நகர்நீர் நன்முறை: நூற்பாவும் விளக்கவுரையும்

அளவினை அறிந்தே ஆலைநீர் பிரித்துத்
தடைபல நிறுவித் தகுதியின் வகுத்து
வறம்வரு முன்னே மன்பதை தெளிய
உள்ளவா றுரைத்தே ஒழிந்தநீர் மீட்டு
இயல்நீ ரோடும் இசைத்தல்
நகர்நீர் காப்போர் நன்முறை என்ப.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், நகரம் ஒருமுறை பயன்கொண்டு கழித்த நீரைத் தூய்மை செய்து, தன் நீர்வழங்கலுள் மீளச் சேர்த்தற்குத் திட்டம் வகுக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொழிப்பு: கிடைக்கும் கழிநீர் இவ்வளவு என்று ஐயமற அறிந்து, ஆலைகளினின்று வரும் நீரை வீட்டு நீரோடு கலவாமற் பிரித்து, மாசு கடவாதபடி தடைகள் பலவற்றை நிலைநாட்டி, தூய்மையின் தரத்திற்கேற்ப இன்ன நீர் இன்ன பயனுக்கு என வகுத்து, வறட்சி வருவதன் முன்பே குடிமக்கள் தெளியுமாறு உண்மையை உள்ளபடி சொல்லி, அதன்பின் அந்நீரை மீட்டு, மழையும் ஆறும் தந்த நீரோடு சேர்த்தல், நகரத்து நீரைக் காப்பவர்க்கு உரிய நல்ல முறை என்று கூறுவர் என்றவாறு.

முடிபு: அறிந்து, பிரித்து, நிறுவி, வகுத்து, உரைத்து, மீட்டு என்னும் செய்தென் எச்சங்கள் ஆறும் அடுக்கி வந்து 'இசைத்தல்' என்னும் தொழிற்பெயர் கொண்டு முடிந்தன. இசைத்தல் எழுவாய், நன்முறை பயனிலை. செய்தென் எச்சம் தன்பின் வரும் வினைக்கு முற்பட்ட காலத்தைக் காட்டும் ஆகலின், இவ்வடுக்கு வெறும் எண்ணுதல் அன்று. முன்னது முடிந்த பின்னரே பின்னது தொடங்குக என்னும் விதி. 'அறிதலும் பிரித்தலும் நிறுவலும்' என எண்ணும்மை கொடுத்து ஓதாமை நோக்குக. அவ்வாறு ஓதின், எதனை முற்செய்யினும் அமையும் என்பது படும். நூற்பாவின் உயிர்ப்பொருள் இவ்வைப்புமுறையே என்று கற்பான் முதற்கண் உளங்கொள்க.

இனி ஒவ்வொன்றாக உரைப்பாம்.

அளவினை அறிந்தே

அளவு என்றது கழிநீரின் அளவை. ஏகாரம் தேற்றம், மதிப்பீடாக அன்றித் துணிந்து அறிக என்றற்கு வந்தது.

அளவு அறிதல் எளிதன்றோ, வழங்கும் நீர் எவ்வளவோ அவ்வளவு கழிநீரும் வருமன்றோ எனின், வாராது. இந்திய நகரங்களுக்குத் திட்டம் வகுப்போர் ஒருவர்க்கு ஒருநாளைக்கு 135 லிட்டர் வழங்கல் எனவும், அதில் நூற்றுக்கு 80 பங்கு கழிநீராக மீளும் எனவும் கொள்வர். அவ்வாறு கொள்ளின் மீள்வது 108 லிட்டர். அதனை ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் வழியே செலுத்தி, நான்கில் மூன்று பங்கு தூய நீராகப் பெறுவதாகக் கொள்ளின், எஞ்சுவது 81 லிட்டர். இதுவும் ஒவ்வொரு வீடும் பாதாளச் சாக்கடையோடு இணைந்திருந்து, ஒரு துளியும் கால்வாயில் ஒழுகாதபோது மட்டுமே. இணைப்பற்ற வீடுகளின் நீர் கணக்கில் உளதாயினும் குழாயில் இலது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வறண்ட காலத்து மக்கள் நீரைச் சுருக்கிப் புழங்குவர். அப்போது கழிநீரும் சுருங்கும், அதன் மாசு செறியும். எனவே மிக்க நீர் வேண்டப்படும் நாளிலேயே மூலம் குறைந்தும் கெட்டும் நிற்கும். ஆகலின் அளவு என்பது பருவத்தான் மாறும் அளவும், அளவோடு கூடிய தரமும் அடங்கக் கூறியது என்க.

ஆலைநீர் பிரித்து

ஆலைநீர் - தொழிற்சாலைகள் கழிக்கும் நீர். பிரித்தல் - வீட்டுக் கழிநீர் செல்லும் குழாயுள் புகாமல் வேறு வழிப்படுத்தல். ஆலை என்றது உபலக்கணம். தோல் பதனிடும் கூடம், சாயப் பட்டறை, மருத்துவமனை, ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் நீரும் கொள்ளப்படும்.

தூய்மை செய்யும் பொறிகள் பின்னர் வருதலின், முன்னரே பிரிப்பது மிகையன்றோ எனின், அன்று. வீட்டுக் கழிநீரில் உள்ளவை பெரும்பாலும் கரிமப்பொருள். நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு செரிக்கும். ஆலைநீரில் வரும் கன உலோகமும் கரைப்பானும் அந்நுண்ணுயிர்களையே கொல்லும். சில வேதிப்பொருள்கள் மூலக்கூற்றளவிற் சிறியவாய், ஆர்.ஓ. சவ்வையும் ஓரளவு கடக்கும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் என்.டி.எம்.ஏ., 1,4-டையாக்சேன் என்னும் இரண்டும் அங்ஙனம் கடந்தமை காணப்பட்டது. ஆண்டுள்ளோர் புறஊதா ஒளியொடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து அவற்றைச் சிதைக்கும் முறையை மேற்கொண்டனர். மூலத்திலும் தடுக்கத் தலைப்பட்டனர்.

இவ்விதிக்கு மூத்த எடுத்துக்காட்டு நமீபியாவின் தலைநகராகிய விந்தூக். ஆண்டு மழை ஏறத்தாழ 360 மில்லிமீட்டர் மட்டுமே பெறும் அந்நகரம், வற்றாத ஆறாகிய ஒகவாங்கோவினின்று ஏறத்தாழ 700 கிலோமீட்டர் அகன்றுள்ளது. அது 1968-இல் கொரியங்காப் நிலையத்தில் கழிநீரைத் தூய்மை செய்து நேரே குடிநீர்க் குழாயிற் சேர்த்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. ஆண்டு ஆலைப் பகுதிகளின் நீர் வேறாகப் பிரிக்கப்பட்டு வேறு நிலையத்துக்குச் செல்லும். வீட்டுக் கழிநீரே குடிநீர்க்கு மூலமாகும். பொறியினும் முற்பட்டது பிரிப்பு என்பதற்கு அந்நகரமே சான்று.

தடைபல நிறுவி

தடை - கிருமியும் மாசும் கடவாதபடி இடையே நிற்பது. பல என்றது எண்ணிக்கையை மட்டும் அன்று. வகையின் பன்மையையும் குறித்தது. ஒரே வகைச் சவ்வை இருமுறை வைத்தால், ஒன்று பழுதுபடும் காரணத்தால் மற்றதும் பழுதுபடும். காவற்காடும் அகழியும் மதிலும் தம்முள் வேறுபட்டமையானே அரணுக்கு வலிமை ஆயினாற்போல, வெவ்வேறு முறையால் தடுப்பனவே பல எனப்படும்.

விந்தூக்கில் ஓசோன், திரட்டுதல், மிதக்கவிட்டுக் களைதல், மணல் வடிகட்டி, கிளர்வூட்டிய கரி, நுண்சவ்வு வடிகட்டல், குளோரின் எனத் தடைகள் நிரல்பட நிற்கும். சிங்கப்பூரில் நியூவாட்டர் எனப்படும் நீரை மீட்கும் நிலையங்களில் நுண்சவ்வு, ஆர்.ஓ., புறஊதா என மூன்று. நிரல் வேறாயினும் நெறி ஒன்றே: யாதானும் ஒன்று தவறினும் ஏனையவை காக்கும். ஒரு தடை ஆயிரம் கிருமியுள் ஒன்றை மட்டும் விடும் எனக் கொள்க. தம்முட் சாராத அத்தகைய தடைகள் மூன்று நின்றால் நூறு கோடியுள் ஒன்றே கடக்கும். தடை கூட்டலாக அன்றிப் பெருக்கலாகத் தொழிற்படும் என்பது இதனாற் பெறப்படும்.

'அமைத்து' என்னாது 'நிறுவி' என்றது என்னை எனின், நிறுவுதல் கட்டுதலையும் மெய்ப்பித்தலையும் ஒருங்கே குறிக்கும். கட்டியது தொழிற்படுமா என்று காட்டாதவழி நிறுவியது ஆகாது. சிங்கப்பூர் 1974-இலேயே கழிநீரை மீட்கும் முயற்சியை ஒருமுறை செய்து பார்த்தது. அக்காலத்துச் சவ்வுகள் விலை மிக்கனவாயும் நம்பத்தகாதனவாயும் இருந்தமையின் நிறுத்தியது. பின்னர் 2000-இல் பிடோக்கில் மாதிரி நிலையம் எடுத்து, ஈராண்டு சோதித்தது. ஏறத்தாழ 190 கூறுகள் குறித்து 20,000-க்கு மேற்பட்ட சோதனைகள் நிகழ்ந்தன. அயல்நாட்டு வல்லுநரும் அடங்கிய குழு அவற்றை ஆராய்ந்தது. இதுவே நிறுவுதல். 1974-இல் நிறுத்தியதும் நிறுவுதலின் பாற்படும்; மெய்ப்பிக்கப்படாததைக் கைவிடுதலும் இவ்விதியைக் காத்தலே ஆகலின்.

இடையறாது நோக்கும் அளவிகளும், தரம் குன்றிய நீரை வழங்காது திருப்பிவிடும் வாயிலும் தடையுள் அடங்கும். காவலர் இல்லா மதில் மதிலன்மை போலக் கொள்க.

தகுதியின் வகுத்து

தகுதி - நீரின் தரமும், அதனைக் கொள்ளும் பயனின் தேவையும் பொருந்தும் பொருத்தம். 'இன்' ஐந்தன் உருபு, ஏதுப்பொருட்டு. தகுதியே காரணமாக வகுக்க; வேண்டியவர் வேண்டாதவர் என்பது காரணமாக வகுக்கற்க என்பது கருத்து.

பூங்காவுக்கு ஒரு தரம், ஆலையைக் குளிர்விக்க ஒரு தரம், கொதிகலனுக்கு ஒரு தரம், பருகுதற்கு ஒரு தரம். எல்லாவற்றையும் பருகுநீராக்கின் பொருளும் மின்சாரமும் வீணாம்; எல்லாவற்றையும் தாழ்ந்த தரத்தில் விடின் பயன் சுருங்கும். விந்தூக்கில் பூங்காக்களுக்கு மீட்ட நீர் தனிக்குழாயிற் செல்லும். சிங்கப்பூரில் மீட்ட நீரின் பெரும்பகுதியைக் கொள்வோர் சில்லு உற்பத்தி செய்யும் ஆலைகளும் பிற தொழில்களும். அவ்வாலைகள் வேண்டுவது பருகுநீரினும் தூயது.

சென்னையும் இவ்விதியின் கீழ் நின்றது. மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, நகரின் கழிநீரை ஓரளவு சுத்திகரித்த நிலையில் விலைக்குப் பெற்று, தன் இடத்திலேயே மேலும் தூய்மை செய்து நெடுங்காலம் பயன்படுத்தியது. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தனித்தனியே தொடங்கப்பெற்றன. முன்னதன் நீர் மணலி வட்டாரத்து ஆலைகளுக்கும், பின்னதன் நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பேட்டைகளுக்கும் உரியன.

ஆலைக்குக் கொடுத்தல் நகர்க்குக் கொடுத்தல் ஆகுமோ எனின், ஆகும். ஆலை கொள்ளாது விடுத்த ஒவ்வொரு லிட்டரும் பூண்டி, புழல் ஏரிகளில் குடிநீராகத் தங்கும். வாயிற்படும் நீரே நீர்வழங்கல் என்று கருதுவான் கணக்கின் ஒருபுறமே கண்டவன்.

வறம்வரு முன்னே

வறம் - மழையின்மையால் வரும் வறட்சி. ஏகாரம் பிரிநிலை, வந்தபின் என்பதனைப் பிரித்து விலக்கிற்று. இத்தொடர் தாப்பிசையாய் நடுநின்று, முன்னுள்ள 'அறிந்து' முதலியவற்றோடும் பின்னுள்ள 'உரைத்து' என்பதனோடும் இயையும். ஆயினும் 'உரைத்து' என்பதற்கு அணுக்கமாக வைத்தமையான், பிறவற்றினும் உரைத்தலுக்கே இது மிக வேண்டப்படும் என்பது குறிப்பு.

ஏனெனின், வறத்துள் வினாவப்படும் மக்கள் தெளிவு பெறக் காலம் இராது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள டுவூம்பா நகரம், அணைகள் தாழ்ந்த கடும்வறட்சியின் நடுவே, 2006 ஜூலை 29 அன்று மீட்ட நீரைக் குடிநீரிற் சேர்ப்பது பற்றி வாக்கெடுத்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் மறுத்தனர். பின்னர் விவன்ஹோ அணையினின்று குழாய் வழியே நீர் கொணர்ந்தனர். அங்கே தவறியது பொறியன்று. காலம் குறுகியமையே இடையூறு ஆயிற்று. அந்நகரில் திட்டத்தை எதிர்த்தோரை அறியாதார் என்று இகழ்தல் இந்நூற்பாவுக்கு உடன்பாடன்று. தெளிவியாமை உரைப்போர் குற்றமாம்; தெளியாமை கேட்போர் குற்றம் ஆகாது.

அஃதேல், டெக்சாஸின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரம் 2014-இல் வறட்சியுள்ளே தொடங்கி, மீட்ட நீரை நேரே குடிநீரிற் சேர்த்து, மக்களும் ஏற்றனரன்றோ எனின், அஃது இடுக்கண் காலத்து வழுவமைதி. ஆண்டும் மாநில ஆணையத்தின் ஒப்புதலும் சோதனையும் முடித்தே வழங்கினர்; ஏறத்தாழ ஓராண்டு நடத்தியபின் அதனை நிறுத்தி, ஏரி வழியே சேர்க்கும் நிலையான முறைக்கு மாறினர். வழுவமைதியை விதியாகக் கொள்ளற்க.

சென்னை 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றக் கண்டது. சோலையார்பேட்டையினின்று தொடர்வண்டியில் நீர் வந்தது. அத்தகைய நாளில் நகரம் கலங்களைத் தேடுமன்றி நெறிகளைத் தேடாது. ஏரி நிறைந்த ஆண்டே இந்நூற்பாவை ஓதும் ஆண்டு என்க.

மன்பதை தெளிய உள்ளவாறு உரைத்தே

மன்பதை - மக்கட்டொகுதி. தெளிய - செயவென் எச்சம்; காரியப்பொருட்டாய் உரைத்தலின் பயனைக் காட்டிற்று. 'இசைய' என்றிலர், 'மகிழ' என்றிலர். இசைவித்தல் விளம்பரத்தாலும் கூடும். தெளிதல் அறிவான் மட்டுமே கூடும். உள்ளவாறு - மறையாதும் மிகையாக்காதும். மூலம் கழிநீர் என்பதும், தடை இவை என்பதும், செலவு இவ்வளவு என்பதும், பழுது நேரின் செய்வது இன்னது என்பதும் அடங்க உரைக்க.

'உரைத்தே' என்பது 'மீட்டு' என்பதன் முன் நிற்றல் காண்க. மீட்டபின் உரைத்தல் அறிவித்தல். மீட்பதன்முன் உரைத்தலே கலந்துரைத்தல். சிங்கப்பூர் 2002 ஆகஸ்டில் தேசிய நாள் விழாவிற் கூடினோர்க்கு மீட்ட நீரைப் புட்டிகளில் வழங்கியது. வழங்கல் நிலையங்கள் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் முறைப்படி தொடங்கியது 2003 பிப்ரவரியில். மக்கள் வந்து கண்டு வினாவுதற்கு அவ்வாண்டே பார்வையாளர் கூடமும் திறக்கப்பட்டது. முன்னே பருகக் கொடுத்துப் பின்னே வழங்கலிற் சேர்த்தமை நூற்பாவின் நிரலோடு ஒத்தது.

ஆற்றின் மேல்நகரம் விட்ட கழிநீரைக் கீழ்நகரம் நெடுங்காலமாகப் பருகி வருகின்றதே, தேம்ஸ், ரைன் முதலிய ஆறுகளில் இஃது இயல்பன்றோ, இதனைத் தனியே உரைப்பது ஏன் எனின், ஆண்டு நிகழ்வது திட்டமின்றி நிகழ்வது. ஈண்டுச் செய்வது திட்டமிட்டுச் செய்வது. தானாக நிகழ்வதற்கு உரைப்பாரும் இல்லை, பொறுப்பாரும் இல்லை. செய்வார் உளராயவிடத்து உரைத்தல் கடனாம்.

ஒழிந்தநீர் மீட்டு

ஒழிந்தநீர் - பயன் ஒழிந்தது எனக் கழித்த நீர். மீட்டல் - இழந்ததைத் திரும்பப் பெறுதல். முன்னைய ஐந்தும் முற்றியபின் இஃது ஆறாவதாக வைக்கப்பட்டது; பொறி ஓடத் தொடங்குவது இவ்விடத்தேதான். திட்டம் வகுப்போர் பலரும் இதனையே முதலாகக் கொள்வர். நூலாசிரியர் ஐந்து வினைக்குப் பின்வைத்தார்.

மீட்டபின் மீளாது நிற்பதும் ஒன்று உண்டு, அஃது ஆர்.ஓ. ஒதுக்கும் உப்பு செறிந்த நீர். கடலோர நகர்க்கு அதனை விடும் வழி எளிது. உள்நாட்டு நகர்க்கு அரிது. கடல் அகன்ற விந்தூக்கின் நிரலில் ஆர்.ஓ. இல்லாமையும் இதனொடு வைத்து நோக்கத்தக்கது. ஆயினும் உப்பு நீக்கப்படாமையின் அது சுழற்சிதோறும் ஏறும். அதற்குத் தீர்வு பின்வரும் தொடரில் உளது.

இயல்நீரோடும் இசைத்தல்

இயல்நீர் - மழை, ஆறு, அணை, நிலத்தடி ஆகியவற்றான் இயல்பாகக் கிடைக்கும் நீர். ஓடு, மூன்றன் உருபு, உடனிகழ்ச்சிப் பொருட்டு. உம்மை எச்சவும்மை, கடல்நீரைக் குடிநீராக்கியதனோடும் சேர்க்கலாம் என்பதைத் தழுவிற்று. இசைத்தல் - அளவறிந்து பொருந்தச் சேர்த்தல். கலத்தல் என்னாமையான், அளவின்றிக் கலத்தல் விலக்கப்பட்டது.

இது மூவகைப்படும். நிலத்துள் இசைத்தல்: ஆரஞ்சு கவுண்டி 2008-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 26.5 கோடி லிட்டர் திறனோடு தொடங்கி, 2023-இல் ஏறத்தாழ 49 கோடி லிட்டர் ஆக்கியது. அந்நீர் ஊறு குளங்களின் வழியும் கிணறுகளின் வழியும் நிலத்துட் சென்று, கடல்நீர் உட்புகாமலும் தடுக்கும். ஏரியுள் இசைத்தல்: சிங்கப்பூர் ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களில் விட்டு, மீளவும் சுத்திகரித்தே வழங்கும். குழாயுள் இசைத்தல்: விந்தூக்கினது. அங்கே 2002-இல் எழுந்த புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் திறன் உடையது. இயல்பான காலத்து மீட்ட நீர் நூற்றுக்கு 35 பங்கின் மேற்படாதவாறு அணைநீரோடு சேர்ப்பர். மேற்கூறிய உப்பு ஏற்றத்துக்கு இவ்வெல்லையே மருந்து.

நிலமும் ஏரியும் இடைநிற்பின் காலம் கிடைக்கும். பழுதை அறிந்து நிறுத்த நாள்கள் உண்டு. குழாயுள் நேரே சேர்ப்பின் அக்காலம் இன்மையின், தடையும் காவலும் அவ்வளவுக்கு மிக வேண்டும்.

முழுதும் மீட்பின் இயல்நீர் வேண்டாவோ எனின், வேண்டும். முன்னர்க் கண்ட கணக்கில் 135 லிட்டர் 81 ஆயிற்று; அதனை மீள வழங்கினால் அடுத்த சுற்றில் அதுவும் அவ்வாறே தேயும். மீட்டல் மழைக்குத் துணையன்றி மாற்று அன்று.

நகர்நீர் காப்போர் நன்முறை என்ப

காப்போர் என்றது நீரை ஆளும் அமைப்புகளை. 'நகர்நீர்' எனப் பொதுப்பட ஓதியதனான், வழங்கும் நீரும் கழியும் நீரும் ஒருங்கே அடங்கும். வழங்குவோர் ஒருவர், கழிப்போர் வேறொருவராய் நின்று தம்முள் பேசாதவிடத்து இந்நூற்பா நிறைவேறாது. சிங்கப்பூரில் 2001-இல் கழிநீர்த் துறையும் குடிநீர் வாரியத்தின் கீழ் வந்தது. சென்னையில் 1978-இல் தோன்றிய வாரியம் இரண்டையும் தானே ஆளும். ஆரஞ்சு கவுண்டியில் இரண்டு அமைப்புகள் ஒப்பந்தத்தால் ஒன்றுபட்டன. காப்போர் எனப் பன்மையாற் கூறியது இம்மூன்றற்கும் இடம் தந்தது.

நன்முறை - நல்ல முறை. நன்மை பயனைக் குறித்தது. முறை நிரலைக் குறித்தது. நிரல் பிறழின் பயனும் பிறழும் ஆகலின் இரண்டையும் ஒருசொல்லாக்கினார். என்ப - என்று சொல்லுவர் அறிந்தோர். தமக்குத் தோன்றியது என்னாது, செய்து கண்டோர் வழக்காகக் கூறினார் என்க.

கற்பான் இந்நூற்பாவைக் கொள்ளும் வழி இது: தன் நகரத்தின் மீள்பயன்பாட்டுத் திட்ட அறிக்கை கைக்கு வந்தவுடன், அதன் முதற்பக்கத்தில் நிற்கும் வினை யாது என்று நோக்குக. அளவறிதல் நின்றால் மேலே படிக்க. நிலையம் கட்டும் ஒப்பந்தம் நின்றால், விடுபட்ட வினைகள் எவையென்று நூற்பாவை வைத்து எண்ணி, அவற்றை எழுதிக் காப்போரிடம் விடை கேட்க. கேட்டற்கு உரிய காலமும் நூற்பா கூறியதே: வறம் வருமுன்.